ஆள் கணக்கும் தொட்டிக் கணக்கும்

2022 மே மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு அத்தை வீட்டு வாசலில் டேங்க் ஆபரேட்டர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“தலைவரம்மா, காலனி மோட்டார் போச்சு. காயில் கருகின வாசனை வருது.”

எப்படிப் போச்சு, எப்போ போச்சு என்றெல்லாம் அத்தை கேட்கவில்லை. கூடத்தில் படுத்திருந்த என்னை எழுப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “தம்பி, மெக்கானிக்குக்குப் பழைய பாக்கி எவ்வளவு எழுதி வெச்சிருக்கே?”

8,400 ரூபாய். போன தீபாவளிக்கு முன்னால் மேற்குத் தெரு மோட்டாரைத் தூக்கி இறக்கிய கூலியில் நின்றுபோன பாக்கி. ஊராட்சியின் முதலாம் கணக்கில், அதாவது அன்றாடச் செலவுக்கான வங்கிக் கணக்கில், அன்றைக்கு இருந்தது 6,212 ரூபாய். இந்த இரண்டு எண்ணையும் நான் இன்னும் மறக்கவில்லை. மெக்கானிக் நல்ல மனிதர்தான், ஆனால் அவரும் செம்புக் கம்பியைக் காசு கொடுத்துத்தானே வாங்கவேண்டும்?

கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன். 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அத்தை நின்றார், பதினான்கு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார், 2020 ஜனவரியில் தலைவரானார். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிற ஆள். “நீ ஊரான் கணக்கெல்லாம் எழுதறே, நம்ம ஊர்க் கணக்கை எழுத மாட்டியா?” என்று அத்தை ஒரு தடவை கேட்டார். அதிலிருந்து ஐந்து வருஷம், மாதத்தில் இரண்டு ஞாயிறு எனக்கு அந்தத் திண்ணையில்தான் போனது. அரசாங்கப் பதிவேடுகளை ஊராட்சி செயலர் எழுதுவார். நான் எழுதியது அத்தைக்குப் புரிகிற மாதிரி ஒரு நீள நோட்டு. கீழே வருவதெல்லாம் அந்த நோட்டைப் பார்த்து எழுதுவது.

ஊர்ப் பேரைப் போடப் போவதில்லை. தென்பெண்ணைக்கு வடக்கே, ரெட்டிச்சாவடிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே தமிழ்நாடும் புதுச்சேரியும் பின்னிக் கிடக்கும். ஒரு வயல் கடலூர் மாவட்டம், வாய்க்காலைத் தாண்டினால் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் (நம் ஊராட்சி ஒன்றியம் மாதிரி). புதுச்சேரிப் பக்கத்து முள்ளோடைக்குக் குடிக்கப் போய் வருகிறவர்கள் சாராய வரியை அந்த அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டு, காலி பாட்டிலை மட்டும் எங்கள் ஊராட்சி எல்லைக்குள் போட்டுவிட்டுப் போவார்கள். பொறுக்குவது எங்கள் தூய்மைக் காவலர்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி எங்கள் ஊராட்சியில் 1,140 பேர். ஊர், காலனி, வாய்க்காலுக்கு அந்தாண்டை நாற்பத்திரண்டு வீடு கொண்ட ஒரு குக்கிராமம் என்று மூன்று துண்டு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் அரை கிலோமீட்டர், முக்கால் கிலோமீட்டர் வயல். அதனால் தொட்டியும் மூன்று. இரண்டு முப்பதாயிரம் லிட்டர், ஒன்று பத்தாயிரம் லிட்டர். மூன்று போர், மூன்று மோட்டார், மூன்று மின் இணைப்பு.

பக்கத்து ஊராட்சி மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. 6,200 பேர். வீடுகள் எல்லாம் நெருக்கமாக ஒரே கொத்தாக இருப்பதால் அவர்களுக்குத் தொட்டி நாலே நாலு.

இந்த இரண்டு வரியில் நான் சொல்ல வந்தது முக்கால்வாசி இருக்கிறது. எங்களுக்கு 380 பேருக்கு ஒரு தொட்டி, அவர்களுக்கு 1,550 பேருக்கு ஒரு தொட்டி. தெருவிளக்கு எங்களுக்கு 140, அவர்களுக்கு 310. ஆளில் எங்களைப் போல ஐந்து மடங்குக்கு மேல். கம்பத்தில் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பணம் பங்கிடும்போது மட்டும் ஆளைத்தான் எண்ணுகிறார்கள்.

சரி, அந்த மோட்டார் என்ன ஆனது? போருக்கு மேல் முக்காலி நட்டு, செயின் பிளாக் மாட்டி, குழாயை ஒவ்வொரு நீளமாகக் கழற்றி எடுக்க நாலு பேர் முக்கால் நாள் உழைத்தார்கள். மேலே வந்த மோட்டாரைத் திறந்தபோது உள்ளே காயில் கறுத்து, புகையிலைக் கட்டு மாதிரி இருந்தது. ரீவைண்டிங்குக்குத் திருப்பாப்புலியூருக்கு அனுப்பினோம். மூன்று நாள். அந்த மூன்று நாளும் காலனிக்கு டிராக்டரில் தண்ணீர், காலையும் மாலையும் ஒவ்வொரு நடை. காயில் கட்ட 9,500, தூக்கி இறக்க 4,500, கேபிளும் இரண்டு குழாயும் 3,000. பதினேழாயிரம் ஆயிற்று, டிராக்டர் டீசல் தனி. பக்கத்து ஊராட்சியில் இதே மோட்டார் எரிந்தாலும் இதே பதினேழாயிரம்தான். 1,550 பேருக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் என்று மெக்கானிக் கூடுதலாகக் கேட்கப்போவதில்லை, 380 பேர்தானே என்று எங்களுக்குக் குறைக்கப்போவதுமில்லை.

ஊராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தலைவர் கையில் கொட்டிக் கிடக்கிறது என்று ஒரு நினைப்பு. உள்ளதைச் சொன்னால், பெரிய வரவு மாநில நிதிக்குழு மானியம்தான். எஸ்.எஃப்.சி. என்று சொன்னால் ஒன்றிய அலுவலகத்தில் எல்லோருக்கும் புரியும். அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மாநிலமும் ஒரு நிதிக்குழு அமைத்து, மாநில வருவாயில் உள்ளாட்சிக்கு எவ்வளவு என்று கேட்டுச் சொல்லவேண்டும் என்று 243-I பிரிவில் எழுதினார்கள். பல மாநிலங்கள் இதை இழுத்தடித்தன. தமிழ்நாடு 1994-லேயே முதல் குழுவை அமைத்துவிட்டது. அந்த விஷயத்தில் நம் ஆட்களைக் குறை சொல்ல முடியாது.

மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கு, பிற்பாடு வந்த குழுக்களின் காலத்தில் பத்து சதவீதம், உள்ளாட்சிகளுக்கு. அதில் ஊரகத்துக்கு இவ்வளவு, நகரத்துக்கு இவ்வளவு. ஊரகப் பங்கை மறுபடி மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி என்று மூன்றாக வகுப்பார்கள். கடைசித் தட்டில் கடலூர் மாவட்டத்தின் 683 ஊராட்சிகளும் மற்ற மாவட்டங்களின் ஊராட்சிகளும், ஆக மொத்தம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல், வரிசையில் நிற்கும். அங்கே பெரும்பாலும் தலையை எண்ணித்தான் பங்கு.

தலையை எண்ணிக் கொடுத்தால் சின்ன ஊர் தாங்காது என்று மேலே இருப்பவர்களுக்கும் தெரியாமல் இல்லை. அதனால்தான் மூன்றாவது நிதிக்குழு காலத்தில் ஒரு குறைந்தபட்ச மானியம் கொண்டுவந்தார்கள். எவ்வளவு சின்ன ஊராட்சியானாலும் வருஷத்துக்கு மூன்று லட்சம் நிச்சயம், அதற்கு மேல்தான் மக்கள்தொகைக் கணக்கு. நாலாவது குழு அதை ஐந்து லட்சமாக்கியது. ஐந்தாவது குழுவின் காலத்தில், 2017-18 முதல், ஏழு லட்சம். இதை நான் உண்மையிலேயே நல்ல ஏற்பாடு என்று நினைக்கிறேன். இது இல்லாதிருந்தால் எங்கள் ஊரில் விளக்கே எரிந்திருக்காது.

ஏழு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 58,333. அத்தை பொறுப்பேற்றபோது இதுதான் எங்கள் முதுகெலும்பு. இதில் மின்கட்டணமும் குடிநீர் வாரியத்துக்குக் கட்டவேண்டியதும் இரண்டாம் கணக்குக்குப் பிரிந்து போய்விடும். மூன்று மோட்டாரும் தெருவிளக்குகளும் சேர்ந்து மாதம் மூவாயிரம் யூனிட்டை ஒட்டி இழுத்தன. பில் பதினெட்டு, பத்தொன்பதாயிரம். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறிய பிறகு அதே யூனிட்டுக்கு இருபத்து நாலாயிரத்தைத் தொட்டது. அப்புறம் ஆபரேட்டர்கள், தூய்மைப் பணியாளர் சம்பளம் (அவர்கள் வாங்குகிற தொகையை இங்கே எழுதக் கை கூசுகிறது), பிளீச்சிங் பவுடர், பல்பு, கிராம சபைக்கு ஷாமியானா, டீ. தொட்டியைக் கழுவிவிட்டு அதன் வயிற்றில் தேதி எழுதுவார்கள் பாருங்கள், அந்த பெயிண்டுக்குக்கூட நோட்டில் ஒரு வரி இருக்கிறது. 85 ரூபாய்.

மிச்சம் நிற்பதில்தான் மோட்டார் எரியவேண்டும், குழாய் உடையவேண்டும்.

குறைந்தபட்ச மானியத்தின் கோளாறு, அது படிக்கட்டு மாதிரி ஏறுகிறது என்பதுதான். ஒரு குழு வந்து எண்ணைச் சொல்லும், அடுத்த குழு வரும்வரை எண் அசையாது. மின்கட்டணமும் கூலியும் செம்பு விலையும் அப்படிக் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு படியிலும் முதல் வருஷம் ஊராட்சி கொஞ்சம் மூச்சு விடும், நாலாவது வருஷம் மெக்கானிக்கிடம் கடன் சொல்லும். அகவிலைப்படியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் போடத் தெரிந்த அரசாங்கத்துக்கு, இந்த ஏழு லட்சத்தை மின்கட்டணத்தோடும் குறைந்தபட்சக் கூலியோடும் சேர்த்து முடிச்சுப் போடுவது முடியாத காரியமா என்ன?

ஆனால் படியைச் சரிசெய்தால் மட்டும் போதாது. எதை எண்ணுகிறோம் என்பதையும் மாற்றவேண்டும். இதற்கு வெளிநாட்டு முன்மாதிரி எதுவும் தேடவேண்டியதில்லை, நம் மாநிலத்திலேயே இரண்டு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறோம். 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு இருபது லட்சம். பெரிய ஊர், சின்ன ஊர் பேதம் இல்லை. 2011-இல் ஆட்சி மாறியது, தாய் திட்டம் வந்தது. அதில் ஊராட்சியை விட்டுவிட்டுக் குக்கிராமத்தை எண்ணினார்கள். மாநிலத்தில் 79,394 குக்கிராமங்கள், ஒரு ஊராட்சியில் எத்தனை குக்கிராமமோ அதற்கேற்பப் பணம். ஏனென்றால் ஒரே குடியிருப்பு உள்ள ஊராட்சியும் இருக்கிறது, ஐம்பது குடியிருப்பு சிதறிக் கிடக்கிற மலை ஊராட்சியும் இருக்கிறது. 2021-க்குப் பிறகு மறுபடி அண்ணா மறுமலர்ச்சி. டீக்கடையில் இதைக் கட்சிச் சண்டையாகத்தான் பேசுவோம். என்னைக் கேட்டால் இரண்டு யோசனையிலும் சரக்கு இருக்கிறது. ஆனால் இரண்டுமே சாலை, கட்டடம் மாதிரிப் புதிதாகக் கட்டுகிற பணத்துக்கு வந்த யோசனைகள். கட்டியதை ஓட்டுகிற பணத்துக்கு, அதாவது மாதாமாதம் வருகிற மானியத்துக்கு, யாரும் தொட்டியையும் கம்பத்தையும் எண்ணவில்லை.

எண்ணுவது கஷ்டமும் இல்லை. ஒவ்வொரு ஊராட்சியிலும் சொத்துப் பதிவேடு இருக்கிறது. எத்தனை தொட்டி, எத்தனை மோட்டார், எத்தனை ஹெச்.பி., எத்தனை கம்பம், எத்தனை மீட்டர் சாலை என்று வருஷத்துக்கு நாலு தடவை ஒன்றிய அலுவலகத்திலிருந்து கேட்டு வாங்குவார்கள். அத்தனையும் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது. கேட்டும் வாங்கியாயிற்று, எக்ஸெல்லிலும் ஏற்றியாயிற்று, பணம் பங்கிடும் சூத்திரத்தில் மட்டும் அதற்கு இடமில்லை. அங்கே இருப்பது 2011-இல் எண்ணிய தலைகள். எங்கள் ஊரில் அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டு ஹைஸ்கூலுக்குப் போகிறார்கள், நிதிக் கணக்கில் இன்னும் பிறக்கவில்லை. இன்னொரு பக்கம், திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போன குடும்பங்களின் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆள் போனார்கள் என்று தெருவிளக்கை அணைக்க முடியுமா? பூட்டின வீட்டுக்கு முன்னால்தான் விளக்கு கட்டாயம் எரியவேண்டும்.

டெல்லியிலிருந்து வருகிற பணம் வேறு கதை. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை நாடு முழுக்க ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ஒதுக்கியது. மாநிலங்களுக்கு இடையே பங்கிட மக்கள்தொகைக்குத் தொண்ணூறு, பரப்பளவுக்குப் பத்து என்று எடை. அந்த வருஷங்களில் வந்து சேர்ந்த பணத்தில் அறுபது சதவீதம் ‘டைடு’, குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும். நாற்பது ‘அன்டைடு’, ஆனால் அதையும் சம்பளத்துக்கோ நிர்வாகச் செலவுக்கோ தொடக்கூடாது. இப்படி வேலி போட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய ஊராட்சியில் இந்த அறுபது சதவீதம் ஒரு வடிகாலாகவோ ஒரு தொட்டியாகவோ கண்ணுக்குத் தெரியும். எங்களைப் போன்ற ஊரில் வருவதே சின்னத் தொகை. அதை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை மறுபடி இரண்டாகக் கிழித்தால், எந்தத் துண்டும் எந்த வேலைக்கும் போதாது. முன்கூட்டியே போர்ட்டலில் ஏற்றாத வேலைக்குப் பணம் எடுக்கவும் முடியாது. மோட்டார் எரியப்போகிறது என்று போன வருஷமே யார் ஏற்றி வைப்பது?

இதற்கு நடுவில் நமக்கு நாமே திட்டம். மூன்றில் ஒரு பங்கை ஊர் மக்கள் போட்டால் மீதியை அரசாங்கம் போடும். கேட்க இனிமையாக இருக்கிறது. பக்கத்து ஊராட்சியில் இரண்டு கல்யாண மண்டபம், ஒரு பெட்ரோல் பங்க், துபாயில் நாலு பேர். ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டிவிட்டார்கள். எங்கள் ஊரில் அத்தை வீடு வீடாகப் போனதில் 11,350 ரூபாய் சேர்ந்தது. மூன்று மாதம் பீரோவில் வைத்திருந்து, யார் யார் எவ்வளவு என்று என் நோட்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். ஆதிதிராவிடர் வாழும் பகுதியென்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று ஒரு சலுகை உண்டு. இருந்தாலும் கூலிக்காரக் குடும்பம் ஐந்தில் ஒன்றைத்தான் எங்கிருந்து கொண்டுவரும்? இப்படிப்பட்ட திட்டங்கள் யாரிடம் ஏற்கெனவே இருக்கிறதோ அவர்களைத் தேடிப் போய்விடுகின்றன. ஊராட்சியின் வருமானத்தைப் பார்த்து மக்கள் பங்கைக் குறைத்துக்கொண்டே போகலாம், அடியில் இருப்பவர்களுக்குப் பூஜ்யம் வரைக்கும்.

பக்கத்து ஊராட்சித் தலைவர் எங்களுக்கு ஒன்றுவிட்ட உறவுதான், அத்தையை ‘அக்கா’ என்பார். அவரிடம் இதையெல்லாம் ஒருநாள் ஒன்றிய அலுவலக வேப்பமரத்தடியில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டு ஒரு கணக்கு சொன்னார். “ஏழு லட்சத்தை உங்க ஊர்ல ஆளுக்கு வகுத்துப் பாரு, அறுநூறு சொச்சம். எங்க ஊர்ல வகுத்தா நூத்திப் பதிமூணு. எங்க ஆளு மட்டும் என்ன பாவம் பண்ணான்?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் கணக்கில் தப்பில்லை. அந்த ஊராட்சியில் பிளாட் போட்டு விற்ற இடத்திலெல்லாம் வீடு வந்து, சாக்கடை போக வழியில்லாமல் தெருவில் நிற்கிறது, குப்பை நாளுக்கு இரண்டு வண்டி. அது பாதி டவுன், அதன் தேவையே வேறு மாதிரி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து யோசித்ததில் எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்கிற வரைக்கும் இந்தச் சண்டை ஓயாது. ஊர் எவ்வளவு சின்னதானாலும் ஓட வேண்டியவை என்று சில இருக்கின்றன. தொட்டி, மோட்டார், விளக்கு, செயலர். அவற்றை எண்ணி, அவை ஓடுவதற்கான செலவை முதலில் எடுத்து வைத்துவிடலாம். குப்பை, வடிகால் மாதிரி ஆள் பெருகப் பெருகப் பெருகுகிற செலவுக்கு மீதியை ஆள் கணக்கில் கொடுக்கலாம். அப்போது அவருக்கு நாலு தொட்டிக்கான பணமும் வரும், ஆறாயிரம் பேருக்கான பணமும் வரும். நூத்திப் பதிமூணு என்று அவர் மனம் நோக வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லாவிட்டால் நோட்டுக்குத் துரோகம். 310 வீட்டுக்கு வீட்டு வரி மொத்தம் வருஷத்துக்கு முப்பத்தேழாயிரத்துச் சொச்சம். வீட்டுக்கு நூற்றிருபது ரூபாய் விழுகிறது. ஒரு மாத கேபிள் கட்டணத்துக்குக் கூட ஈடாகாது. ஓடு போட்ட வீடு என்று பதிவேட்டில் இருக்கிற பல வீடுகள் மாடி வைத்து, கிரானைட் பதித்து, எலிவேஷன் காட்டி நிற்கின்றன. மறு அளவீடு செய்யலாம் என்று நான் சொன்னபோது அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். “பதினாலு ஓட்டுல ஜெயிச்சவகிட்ட வந்து பேசறே பாரு.” அவ்வளவுதான், அந்தப் பேச்சு முடிந்தது. இத்தனைக்கும் நாங்கள் வரியை இரட்டிப்பாக்கியிருந்தாலும் மாதம் மூவாயிரம்தான் கூடியிருக்கும். மெக்கானிக் பாக்கி தீர்ந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

சின்ன ஊராட்சிகளைச் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று ஆபீஸில் எங்கள் சீனியர் அடிக்கடி சொல்வார். கேரளாவைக் காட்டுவார். அங்கே 941 கிராம ஊராட்சிகள்தான், ஒவ்வொன்றிலும் சராசரியாக இருபதாயிரம் பேருக்கு மேல். இங்கே சராசரி மூவாயிரம், கடலூர் மாவட்டத்தில் அதற்கும் குறைவு. காகிதத்தில் அவர் சொல்வது சரிதான். ஆனால் சேர்த்தாலும் தொட்டி மூன்றும் இருந்த இடத்தில்தான் இருக்கும், மோட்டாரும் அதே வேகத்தில்தான் எரியும். ஆபரேட்டர் விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் நிற்கிற வாசல் மட்டும் நாலு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். காலனித் தண்ணீருக்குக் குரல் கொடுக்க அத்தை காலத்து ஊராட்சி மன்றத்தில் இரண்டு வார்டு உறுப்பினர் இருந்தார்கள், பெரிய ஊராட்சியில் ஒருவர் இருந்தால் அதிகம். 2021-இல் கடலூர் மாநகராட்சியானதிலிருந்து சுற்றி இருக்கிற ஊர்களில் இந்தச் சேர்க்கிற பேச்சு கிளம்பிக்கொண்டே இருக்கிறது. நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்பதுதான் அங்கெல்லாம் பெண்களுக்கு முதல் பயம்.

சேர்க்காமலே பகிர்ந்துகொள்ள எவ்வளவோ இருக்கிறது. பத்து ஊராட்சிக்கு ஒரு மெக்கானிக், ஒரு செட் செயின் பிளாக், இரண்டு ஸ்பேர் மோட்டார் என்று ஒன்றிய அலுவலகத்தில் வைத்திருந்தால் காலனிக்கு மூன்று நாள் டிராக்டர் ஓடியிருக்காது. இதைத் தீர்மானமாகவே போட்டு அனுப்பினோம். பதில் வரவில்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்ன நிலைமை என்று கேட்பீர்கள். பாகூர் கொம்யூனில் எனக்குப் பள்ளித் தோழன் ஒருவன் இருக்கிறான். புதுச்சேரியில் பத்து கொம்யூன் பஞ்சாயத்து, 98 கிராமப் பஞ்சாயத்து. 2006-இல், 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, அங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-இல் பதவிக்காலம் முடிந்தது. அதற்கப்புறம் தேர்தலே இல்லை, எல்லாம் அதிகாரிகள் கையில். மத்திய நிதிக்குழுவின் வரம்பு மாநிலங்களோடு நின்றுவிடுவதால், யூனியன் பிரதேசமான புதுச்சேரியின் பஞ்சாயத்துகளுக்கு அந்தக் கதவும் திறக்கவில்லை. தோழன் சொல்வான், “உங்க அத்தையையாவது வாசல்ல போய்த் திட்டலாம். நாங்க யாரைத் திட்டறது?” நாங்கள் சூத்திரத்தில் எடை பத்தா இருபதா என்று பேசிக்கொண்டிருக்கிறோம், அவனுக்குப் பங்கு கேட்கவே ஆள் இல்லை.

இதை எழுதுகிறபோது எங்களுக்கும் அதே கதிதான் என்பது உறைக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மழையில் பாதி போனது போக, இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது மிச்சமும் போனது. நாற்பத்திரண்டு வீட்டுக்குப் போகிற சிறுபாலம் வாய்க்காலோடு உட்கார்ந்துவிட்டது. குக்கிராமத்துப் பிள்ளைகள் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. அத்தையின் பதவிக்காலத்தில் மிச்சம் இருந்தது ஐந்து வாரம். டைடு பணத்தில் பாலம் கட்டக்கூடாது. அன்டைடில் இருந்தது எஸ்டிமேட்டில் கால்வாசி. பக்கத்து ஊராட்சித் தலைவர்தான் தன் செலவில் இரண்டு சிமென்ட் குழாயையும் ஒரு ஜே.சி.பி.யையும் அனுப்பினார். குழாயைப் போட்டு மண்ணைத் தள்ளி ஒரு வழி செய்தோம்.

2025 ஜனவரி 5-ஆம் தேதி பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். அத்தை ஆபீஸ் முத்திரையையும் சாவியையும் ஒப்படைத்துவிட்டு வந்து, வாசல் போர்டைக் கழற்றி மாட்டுத் தொழுவத்துச் சுவரில் சாய்த்து வைத்தார்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தபோது ஆபரேட்டர் வந்தார். சைக்கிள் போய் இப்போது பழைய டி.வி.எஸ். மேற்குத் தெரு மோட்டார் சத்தம் போடுகிறதாம், தண்ணீர் குறைவாக ஏறுகிறதாம்.

“ஆபீஸ்ல சொல்லுப்பா, நான் இப்போ தலைவர் இல்லே,” என்றார் அத்தை.

“சொல்லிட்டேன் தலைவரம்மா. லெட்டர் எழுதித் தரச் சொல்றாங்க.”

அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, மெக்கானிக்குக்கு எவ்வளவு நிக்குது?”

நோட்டைத் திறந்து பார்த்தேன். 3,400.